வெளியிலிருந்து ஆதரவு தந்த ஒயர்

வருகிற ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக் கூட்டத்தில் நான் பேசியே தீருவது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே உறுப்பினர் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அழைப்பு அனுப்பப்படவில்லை.

பிரச்சினை லிஃப்ட். எங்கள் குடியிருப்பில் மேலே போகப் படி, கீழே வரப் படி, நடுவில் லிஃப்ட் என்ற பெயரில் ஒரு சவப்பெட்டி. அது நின்று மாதக்கணக்கில் ஆகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் "பார்ட்ஸ் வரணும்" என்பார். எங்கிருந்து என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். குடியிருப்பவர்களும் மெல்ல மெல்ல நம்பிக்கை இழந்து, கூண்டுக்குள் துடைப்பமும் பழைய வாளியும் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. என் முழங்கால் தடியடி வாங்கிய முழங்கால். ஆகவே கடைக்குப் போவது, குப்பை கொட்டுவது, தைத்த துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் என் மனைவி. அவள் முழங்காலும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எந்தப் போராட்டத்திலும் அடிபட்டதல்ல.

லிஃப்ட் ஓடும்வரை வாடகையை நிறுத்துவோம் என்று முழங்கி, மொத்தக் குடியிருப்பையும் எழுப்ப வேண்டும். அதுதான் திட்டம். திட்டத்தில் ஒரே ஓட்டை, முழங்குவதற்கு எனக்குக் குரல் இல்லை.

ஒரு காலத்தில் பணிமனை வாசலில் நான் வாய் திறந்தால் உள்ளே மேலாளர் ஜன்னலைச் சாத்துவார். எனக்குப் பெயரே 'முழக்கம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் துண்டறிக்கையின் அடியில் மட்டும்தான் இருக்கும். இன்று முழக்கம் பேசினால் எண்ணெய் காணாத கதவு திறப்பது போலிருக்கிறது. தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே சத்தம் போட்டுப் பேசாதீங்க" என்றார். என் மனைவி அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னாள்.

மைக் செட் வாடகைக்கு எடுக்கலாம். மைக் செட் கடைக்காரர் வீட்டுக்காரரின் மைத்துனர். எதிரியின் ஒலிபெருக்கியில் எதிரியைத் திட்டுவது என் கொள்கைக்கு ஒத்துவராது. ஆகவே நானே ஒன்று செய்வது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு படியாக இறங்கி, மின்சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது புதுசா பழகறவங்களுக்கான கிட்டுண்ணே. இந்த வெள்ளைப் பலகை பூரா ஓட்டை. சூடு வச்சு ஒட்டுற வேலையே இல்ல. சாமானோட கம்பிக் காலை ஓட்டையில சொருகினா போதும். பிரெட்போர்டுன்னு பேரு."

"ரொட்டிப் பலகையா? ரொட்டி எங்க?"

"ரொட்டி இல்லண்ணே. பலகை மட்டும்தான்."

"பலகை நமக்கு. ரொட்டி முதலாளிக்கு. புரியுது."

அவர் பெட்டியை மூடினார். "பில் போட்டுடவாண்ணே?"

வீட்டுக்கு வந்து பெட்டியை முன்னறை மேசையில் வைத்தேன். மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னங்க இது?"

"ஆம்ப்ளிஃபயர். சின்னக் குரலைப் பெருங்குரல் ஆக்குற கருவி. நானே செய்யப்போறேன்."

"யாரோட குரலை?"

"என்னோடதைத்தான்."

"இதை வாங்கவா கீழ போனீங்க?"

"ஆமா."

"முழங்கால்?"

"வலிச்சுது."

"நேத்து சோப்பு வாங்கிட்டு வாங்கன்னப்ப இறங்கவே முடியலைன்னீங்க."

"சோப்பு வேற. இது உரிமை."

அவள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரி உச்சியில் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். அவை வீடு மாற்றும்போது சாமான் கட்டுகிற பெட்டிகள். அவற்றை அவள் தூக்கி எறிவதேயில்லை.

"இது ஆறாவது வீடுங்க," என்றாள்.

உண்மை. முதல் வீட்டில் தண்ணீருக்காகப் பேசினேன். காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் போன மறுவாரம் அங்கே தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் சாக்கடைக்காகப் பேசினேன். இன்று அங்கே சாக்கடை மணக்காமல் ஓடுகிறதாம். மூன்று, நான்கு, ஐந்தும் இப்படியே. என் போராட்டங்கள் தோற்றதே இல்லை. வெற்றியின்போது நாங்கள்தான் அங்கே இருந்ததில்லை. யாரோ குழாயைத் திறந்து குளிக்கிறார்கள். நாங்கள் இன்னொரு வீட்டில் வாளியோடு வரிசையில் நிற்கிறோம். வரலாற்றைப் பற்றி எனக்கு வேறு புகார் கிடையாது.

"இந்த வாட்டியும் காலி பண்ணச் சொன்னா, நான் பெட்டி கட்ட மாட்டேன். நீங்களே கட்டுங்க. என்னால இனிமே முடியாது," என்றாள். அவள் கத்தவில்லை. அவள் கத்தியே நான் கேட்டதில்லை. அவள் குரல் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வருவதற்குள் பாதி வழியில் களைத்துவிடும். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வேலையை ஆரம்பித்தேன்.

பெட்டிக்குள் எப்படிச் செய்வது என்று ஒரு தாள் இருந்தது. நிர்வாகத்தின் சுற்றறிக்கையை நான் வாழ்நாளில் மதித்ததில்லை. அதைக் கசக்கி எறிந்துவிட்டு, மூடியில் இருந்த படத்தைப் பார்த்துச் செய்தேன். மின்சாரம் வருகிறது என்று காட்ட முதலில் ஒரு சிவப்பு விளக்கு. அதற்கு முன்னால் ஒரு தடை போட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தடை என்று ஒன்றைக் கண்டால் மீறுவது என் பழக்கம். மீறினேன். சிவப்பு விளக்கு ஒரே ஒரு கணம் கண்ணைப் பறிக்கும்படி எரிந்தது. பிறகு அணைந்தே போனது. எங்கள் இயக்கத்தில் பல இளைஞர்களின் கதை அதுதான்.

இன்னொன்றும் அவர் சொல்லியிருந்தார். "காலெல்லாம் நீளமா இருக்கும். நறுக்கிட்டுச் சொருகுங்க. இல்லன்னா ஆடும்."

நறுக்குவதா? ஆட்குறைப்பை எதிர்த்துப் பந்தல் போட்டுப் பட்டினி கிடந்தவன் நான். கம்பி வெட்டும் கத்தரியைக் கையில் எடுத்தேன். ஒரு பாவமும் அறியாத ஒரு கெப்பாசிட்டர் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். ஒருவர் காலையும் வெட்டாமல், எல்லோரையும் முழு உயரத்தோடு வேலைக்குச் சேர்த்தேன். பலகை முழுக்கக் கொக்குக் கூட்டம் போல நின்றார்கள். நான் மூச்சு விட்டால் சாய்ந்தார்கள். நடுவில் கறுப்பாக ஒரு எட்டுக்கால் பூச்சி, ஐ.சி. என்று பெயர். குரலைப் பெரிதாக்குவது அதுதான். அது மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தலைமைப் பதவியில் இருப்பவர்களைச் சொல்லவா வேண்டும்.

பேட்டரியை மாட்டி, குட்டி மைக்கை வாயருகே வைத்து, "தோழர்களே" என்றேன்.

ஒலிபெருக்கி "தோ" என்றது. அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

"நாயைக் கூப்பிடுறீங்களா?" என்றாள் மனைவி.

பலகையை விரலால் அழுத்தினேன், உயிர் வந்தது. விரலை எடுத்தேன், போனது. எங்கோ ஒரு கால் ஆடுகிறது. ஆனால் எந்தக் கால்? ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொடுகிறபோது எல்லோரும் நல்லவர்கள். கையை எடுத்தால் யாரோ ஒருவர் துரோகி. இந்தப் பலகையில் ஓட்டைகள் ஐந்தைந்தாக ஒரு வரிசை. மேலே பார்த்தால் தனித்தனி, உள்ளே ஒரே தகடு. எங்கள் சங்கம் இதற்கு நேர் எதிர். மேலே ஒரே தகடு.

இரண்டு நாள் போராடினேன். கடைசியில் பேச்சுவார்த்தைக்கு இறங்கினேன். யாரையும் வெட்டவில்லை. நீளமான கால்களுக்கு விருப்ப ஓய்வு அளித்தேன். குட்டையான காலை ஓட்டையில் வைத்து அழுத்தினால், உள்ளே இருக்கும் கவ்வி பிடிப்பது விரலுக்கே தெரிந்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் தடித்த ஒயர் ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமலிருக்க, அதைப் பலகையின் ஓரத்தோடு சேர்த்து ஒட்டினேன். தளர்ந்துபோன ஓட்டைகளை விட்டுவிட்டு, அதே வரிசையில் பக்கத்து ஓட்டைக்கு மாற்றினேன். பலகையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தேன். ஒருவரும் நழுவவில்லை.

அன்று மாலை பலகையோடு பால்கனியில் நின்று, "தோழர்களே" என்றேன்.

அதுதான் என் பழைய குரல். தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் பிடித்தார். கீழே வீட்டுக்காரர் வாசற்கதவைத் திறந்து மேலே அண்ணாந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் இந்தக் குரல் எங்கேயும் போகவில்லை, ஒரு கம்பி சரியாகப் படாமல் இருந்தது, அவ்வளவுதான் என்று தோன்றியது. மனைவி கொடியிலிருந்து துணியை எடுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். திரும்பி வர வழக்கத்தைவிட நேரமாயிற்று. முழங்கால் வலி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பலகை ஊமை.

ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு மஞ்சள் ஒயரைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அது ஓட்டைக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நுனியை மட்டும் ஓட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கூட்டணியில் இருப்பது போலத்தான் தெரியும். வெளியிலிருந்து ஆதரவு. இப்படிப்பட்டவர்களால் எத்தனை ஆட்சி கவிழ்ந்திருக்கிறது.

அழுத்திச் சொருகினேன். பேசியது. அடுத்த நாள் காலை மறுபடி ஊமை. இந்த முறை பச்சை ஒயர். அதற்கடுத்த நாள் கெப்பாசிட்டரின் ஒரு கால்.

"நீ மேசையைத் தொட்டியா?"

"தொடலைங்க. துடைச்சேன்."

"துடைக்கும்போது பலகை மேல கை பட்டுச்சா?"

"பலகையைச் சுத்தித்தான் துடைச்சேன். உங்க கூட்டணிக்குள்ள நான் எதுக்குங்க வரேன்."

சரிதான். இவளுக்குப் பிளஸ் எது, மைனஸ் எது என்று தெரியாது. அப்படியானால் நாசவேலை வெளியிலிருந்து வருகிறது. மின்விசிறி மேல் சந்தேகப்பட்டு அதை நிறுத்தினேன். வியர்த்ததுதான் மிச்சம். ஜன்னலைச் சாத்தினேன். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் கதவைத் தட்டினேன்.

"வாத்தியாரே, நீங்க காலையில சுவத்துல ஆணி ஏதாவது அடிக்கிறீங்களா?"

"இல்லையே."

"நடக்கிறீங்களா?"

"என் வீட்டுல நான் நடக்கக் கூடாதா?"

"மெதுவா நடக்கலாமேன்னு சொல்ல வந்தேன். அதிர்வுல என் இணைப்பெல்லாம் கழண்டுக்குது."

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்க வீட்டம்மாவைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு இந்தச் சாமானெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"இத்தனை வருஷமா உங்களையே சமாளிக்கிறாங்க. இந்தச் சாமான் எம்மாத்திரம்?"

படித்தவர்கள் தெளிவாகப் பேச மாட்டார்கள் என்று நினைத்து வந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. மத்தியானம் முழுக்க ஒவ்வொரு காலையும் கட்டை விரலால் அழுத்தினேன். பேசிப் பார்த்தேன். கணீரென்று இருந்தது. கிளம்பும் நேரத்தில் மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள்.

"இந்த அழுக்குச் சட்டையோடயா நிப்பீங்க? மாத்திக்கிட்டு வாங்க. நான் இதைத் தட்டுல எடுத்து வைக்கிறேன்."

எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. வாழ்நாளில் என் ஒரு கூட்டத்துக்கும் அவள் சட்டை எடுத்துக் கொடுத்ததில்லை. கடைசியில் இவளும் இயக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தபடி உள்ளே போய்ப் பொத்தான் போட்டேன். வெளியே வந்தபோது பலகை தட்டில் இருந்தது. அவள் முந்தானையால் அதன் ஓரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"தூசி," என்றாள்.

மொட்டைமாடியில் எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரரே வந்து தண்ணீர்த் தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டைப் பச்சைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு நான் படியேறியதும் அமைதியானார்கள். பேட்டரியை மாட்டினேன். மைக்கைப் பிடித்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"தோழர்களே."

தண்ணீர்த் தொட்டி நிரம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

விரலால் குத்தினேன். அழுத்தினேன். பலகையைத் தட்டினேன். "தோ" என்று ஒரு முறை சொன்னது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கருவியை விட்டுவிட்டு வெறுங்குரலில் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். கதவு கிரீச்சிட்டது. பின்வரிசையில் கதவைச் சாத்தச் சொன்னார்கள். என்னை ஒரு காலத்தில் கேட்டுக் கைதட்டிய ஆயிரக்கணக்கான கைகள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தபடி, ஒரு மஞ்சள் ஒயரைத் தேடிக்கொண்டு நின்றேன்.

அப்போது என் மனைவி எழுந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. அதைக் கேட்பதற்காக எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அவரு சரி பண்றதுக்குள்ள நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன். லிஃப்ட் ரிப்பேர்காரர் நாளைக்கு வர்றாரு. பார்ட்ஸ் கீழ வந்து இறங்கிடுச்சு, நான் பாத்துட்டுத்தான் மேல வந்தேன். வாடகையை யாரும் நிறுத்த வேணாம். யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு வீட்டுக்காரர் இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிடட்டும்."

வீட்டுக்காரர் எழுந்தார். "சொல்ல மாட்டேன்மா. எல்லாரும் இருங்க."

"அவ்வளவுதான். போய் வேலையைப் பாருங்க."

கைதட்டினார்கள். நான் இரண்டு மணி நேரம் பேசிய கூட்டங்களில்கூட அப்படித் தட்டியதில்லை. வீட்டுக்காரர் என்னைக் கடந்து போகும்போது நின்றார். "பேசலையே நீங்க?" என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நிம்மதியாக இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன பேரம் பேசின?"

"அன்னைக்கு பால்கனியில 'தோழர்களே'ன்னீங்களே, அது அவரு வீட்டுக்குள்ள வரைக்கும் கேட்டிருக்கு. குப்பை கொட்டப் போனப்ப நிறுத்திட்டாரு. ஞாயித்துக்கிழமை பேசத்தான் இந்த ஏற்பாடான்னு கேட்டாரு. ஆமா, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைய மாட்டாருன்னேன். கொஞ்ச நேரம் படியில உக்காந்துட்டாரு. அப்புறம், அவரு பேசாம இருந்தா லிஃப்டைச் சரி பண்ணித் தரேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பேச மாட்டாருன்னு வாக்குக் குடுத்தேன். குடுத்த வாக்கைக் காப்பாத்தணும்ல. அதான் தினமும் துடைச்சேன்."

எனக்குத் தலை சுற்றியது. பிடிமானத்துக்கு ஒரு வாதத்தைப் பிடித்தேன். "அப்படின்னா என் பேச்சுக்குப் பயந்துதானே லிஃப்ட் வருது?"

"பின்னே? நீங்கதான் ஜெயிச்சீங்க."

"ஒரு வார்த்தை பேசாம."

"அதனாலதான் இந்த வாட்டி வீடு இருக்கு."

வெற்றி பெற்ற பிறகும் அதே வீட்டில் நான் படுத்துத் தூங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. எழுதிய துண்டறிக்கைகள், போட்ட பந்தல்கள், வாங்கிய அடி இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். என் வாய்க்கு விலை இருப்பது நான் அதைத் திறப்பதற்கல்ல, மூடுவதற்குத்தான் என்று தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இதை எந்தத் துண்டறிக்கையிலும் போட முடியாது.

லிஃப்ட் ஓடுகிறது. துடைப்பங்களையும் வாளியையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கருவியை வீணாக்க வேண்டாம் என்று மனைவி மஞ்சள் ஒயரைக் கட்டை விரலால் ஒரே அழுத்தாக அழுத்தினாள். பலகையும் ஒலிபெருக்கியும் முன்னறையில் என் நாற்காலியின் பக்கத்திலேயே இருக்கின்றன. மைக் மட்டும் நீள ஒயரில் சமையலறைக்குப் போய்விட்டது. அவள் குரல் இப்போது பாதி வழியில் களைப்பதில்லை.

நேற்று அவள் உள்ளே வேலையாக இருந்தபோது, ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேசையருகே போனேன். அவள் வழியில்தான். ஒரு ஒயரை, பாதி மட்டும். இழுத்தேன், வரவில்லை. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு கால் அடியிலும் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி ஒட்டியிருக்கிறாள். இன்னொரு முறை இழுத்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி பேசியது.

"துடைக்கிறீங்களா, தொடறீங்களா? லிஃப்ட்தான் ஓடுதே, போய்க் குப்பையைக் கொட்டிட்டு வாங்க."